பச்சாக் அற்ற பள்ளத்தாக்கிலிருந்து ஒரு ராணி

சான்டா லூசா பள்ளத்தாக்கு,
அரிமா வழி, டிரினிடாட்.
சாம்பல் புதனுக்கு அடுத்த செவ்வாய்.

அன்பு மகள் ஜிசெலுக்கு,

உன் மாமா ஆன்செல்ம் மார்கானோ எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அத்தை கார்மெலீட்டாவும், என் இடது முட்டி ஒன்று நீங்கலாக, முழு நலம். அங்கே உன் நலமும், நீ வேலை பார்க்கிற பூச்சிக்கூடத்தின் நலமும், அந்த ஊர்க் குளிர் உன் நெஞ்சில் இறங்காமல் இருப்பதும் அறிய ஆவல். பெட்டி இன்னும் கிளம்பவில்லையே என்று நீ பதறி அனுப்பிய பதினாலு செய்திகளும் போனில் வந்து சேர்ந்தன. அந்தச் சின்னக் கண்ணாடியில் பதில் தட்ட என் விரலுக்கு வராது. தட்டினால் நான் சொல்லாததை எல்லாம் அதுவே சொல்லிவிடுகிறது. ஆகவே கடிதம். இதைப் பெட்டியோடு கட்டி அனுப்புகிறேன், பெட்டியைத் திறக்கும் முன் இதைப் படி. முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன்: ராணி உயிரோடு இருக்கிறாள். நடுவில் இரண்டு நாள் அப்படிச் சொல்ல முடியாத நிலைமை இருந்தது. அதற்குக் காரணம் நான்தான், வேறு யாரும் இல்லை.

முறையாக ஆரம்பத்திலிருந்து சொல்லாவிட்டால் எனக்குக் கடிதம் எழுதிய மாதிரியே இருக்காது, அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள். முப்பத்தோரு வருஷம் அரசாங்கத்தின் பச்சாக் ஒழிப்புப் படையில் இருந்தவன் நான். கடைசிப் பதினெட்டு வருஷம் அதற்கு மேஸ்திரி. காலைப் பூசைக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் இடையில் ஒரு ஆரஞ்சு மரத்தை மொட்டையடித்துவிட்டு, வெட்டிய இலையைத் தலைக்கு மேல் குடை மாதிரி பிடித்துக்கொண்டு வரிசையாக வீட்டுக்குப் போகிற அந்த எறும்புகளை இந்தத் தீவில் என்னைவிட அதிகமாகக் கொன்றவன் கிடையாது. ஓய்வு பெற்ற அன்று கண்ணாடிச் சட்டம் போட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள்: 'சான்டா லூசாவைப் பச்சாக் அற்ற பள்ளத்தாக்காக ஆக்கியவர்.' அது கூடத்தில் திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அப்படிப்பட்டவனுக்குத்தான் நவம்பர் மாதம் நீ போன் செய்து அழுதாய்.

"மாமா, பூச்சிக்கூடம் ஈஸ்டர் சனிக்கிழமை திறக்குது. நடுவுல இருக்கற பெரிய கண்ணாடி வீடு பச்சாக்குக்குன்னே கட்டினது. இருந்த கூட்டம் என் கையிலயே செத்துப்போச்சு. அன்னிக்கு அது காலியா இருந்தா, காலி வீட்டுக்குக் காவலுக்கு ஆள் எதுக்குன்னு மேடம் கேட்டுட்டாங்க. கூடு பத்தி உங்களவிடத் தெரிஞ்சவங்க யாரு மாமா இருக்கா?"

தெரியும்தான் மகளே, ஆனால் நான் பார்த்த கூடெல்லாம் நான் பார்த்த பிறகு அதிக நாள் இருந்ததில்லை. இதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் நீ மூக்கை உறிஞ்சினாய். உன் அம்மா, என் அக்கா யூஜீனியா, போன அன்றுகூட நீ அப்படி அழவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன். உன் அத்தை அடுப்படியிலிருந்து, "எதுக்கு இப்ப சரின்னு சொன்ன?" என்றாள். "பச்சாக் பிடிச்சு அனுப்பணும்" என்றேன். அவள் கையிலிருந்த கரண்டி விழுந்தது. அது அதிர்ச்சி என்று அன்றைக்கு நினைத்தேன்.

புத்தாண்டு முடிந்த கையோடு தோண்டக் கிளம்பினோம். நம் பள்ளத்தாக்கில்தான் ஒன்றும் கிடையாதே, நான்தான் இல்லாமல் ஆக்கி வைத்திருக்கிறேனே, அதனால் தெற்கே மொருகாவில் பக்கத்துத் தோட்டக்காரன் பூட்ராமின் மச்சான் நிலத்துக்குப் போனோம், பூட்ராமின் வண்டியில், மூன்று மணி நேரம். பூட்ராமை உனக்கு ஞாபகம் இருக்கும், ஐம்பது ஆரஞ்சு மரமும் ஐந்நூறு பேச்சும் வைத்திருப்பவன். அன்றைக்கு என்னவோ வழியெல்லாம் வாயைத் திறப்பதும் மூடுவதுமாகவே வந்தான். வாயுத் தொல்லை போல என்று நினைத்து நானும் கேட்கவில்லை. அங்கே போய் இறங்கினால் பின்னாலிருந்து ஒரு கேன் மண்ணெண்ணெயை எடுக்கிறான்! "என்னய்யா இது?" என்றேன். "பழக்க தோஷம் பாஸு. உன்னோட கூட்டுக்குப் போறேன்னதும் கை தானா எடுத்து வெச்சிருச்சு" என்கிறான். அந்தக் கேனை வண்டியிலேயே பூட்டிவிட்டு மண்வெட்டியை எடுத்தோம். இரண்டு வயசுக் கூடு, ஆழம் கிடையாது. ஆனால் கொல்வதற்குத் தோண்டுவது வேறு, கூட்டிக்கொண்டு போவதற்குத் தோண்டுவது வேறு என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கரண்டியால் தோண்டினேன் மகளே. சூப் கரண்டி. ஒரு தேங்காய் பருமனுக்குச் சாம்பல் நிறத்தில் பூஞ்சை, அதன் நடுவில் என் கட்டை விரல் தடிமனுக்கு ராணி, கட்டை விரலைக் கடிக்க ஐம்பது சிப்பாய்கள். நான் பெருமூச்சு விட்டபோது என் ஆள்காட்டி விரலில் இருந்தவை பதினேழு. பூட்ராம் எண்ணிச் சொன்னான். பிடுங்கிவிடத்தான் அவனுக்குத் தோன்றவில்லை.

நீ படம் வரைந்து அனுப்பியபடியே வீடு கட்டினேன். மூன்று பிளாஸ்டிக் பெட்டி, நடுவில் குழாய், ஒன்றில் பூஞ்சை, ஒன்றில் இலை, ஒன்றில் குப்பை. மேசைக்கால் நான்கும் தண்ணீர் டப்பாவில், எறும்பு வழுக்கி விழப் பெட்டி விளிம்பெல்லாம் முகப் பவுடர். எல்லாம் சரியாகத்தான் செய்தேன். துடைப்பத்தைப் பெட்டி மேல் சாய்த்து வைத்தது மட்டும் என் கணக்கில் இல்லை. அவை அந்தத் துடைப்பத்தைப் பாலமாக வைத்துக்கொண்டு இறங்கி, சமையலறைக்குப் போய், உன் அத்தை பேஸ்டல் கொழுக்கட்டை செய்ய எடுத்து வைத்திருந்த சோளமாவை ஒரு மணி ஒரு மணியாகத் தூக்கி, நாங்கள் சந்தைக்குப் போய் வருவதற்குள் பாத்திரத்தைத் துடைத்து வைத்துவிட்டன. பூஞ்சை மஞ்சளாக ஜொலிக்கிறது. "முப்பத்தோரு வருஷம் வெளிய விரட்டின. இப்ப உள்ள கூட்டிட்டு வந்து சோறு போடற. நடுவுல எனக்கு ஒரு நாளாவது லீவு விட்டியா?" என்றாள் உன் அத்தை. நான் சமாதானமாக, "அதுங்க இதத் தின்னாது கார்மெலீட்டா. இலையவே தின்னாது. எல்லாத்தையும் மென்னு உரமாக்கி, அதுல பூஞ்ச வளத்து, அதத்தான் தின்னும். நம்மள மாதிரி விவசாயிங்க" என்றேன். உன் அத்தை என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "இப்பத்தான் தெரிஞ்சுதா?" என்றாள்.

அதுவும் உண்மைதான். தெரிந்திருந்தது, ஆனால் உட்கார்ந்து பார்த்ததில்லை. ஓய்வு பெற்றவனுக்கு உட்காரத்தானே நேரம். காலையில் காபியை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பெட்டி முன்னால் நாற்காலி போட்டேன். பெரியவை வெட்டிக்கொண்டு வரும், நடுத்தரம் மெல்லும், கண்ணுக்கே தெரியாத பொடிசுகள் தோட்டம் பார்க்கும். ஒன்றும் இன்னொன்றை மேய்க்கவில்லை, மேஸ்திரி என்று ஒருவரே கிடையாது. அதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ராணிக்கு நான் பேரெல்லாம் வைக்கவில்லை, அந்தப் பைத்தியம் எனக்குக் கிடையாது. 'அம்மா' என்று கூப்பிடுவேன், அவ்வளவுதான்.

அலுவலகக் கதையையும் சொல்லியாக வேண்டும். நான் வேலை கற்றுக்கொடுத்த பையன் ஷெல்டன் பாப்டிஸ்ட் இப்போது என் நாற்காலியில் இருக்கிறான். நல்ல பிள்ளை, ஆனால் படிவத்தைக் கண்டால் கண்ணை மூடிக்கொண்டு விழுந்து கும்பிடுகிறவன். வெளிநாட்டுக்கு உயிருள்ளது எது போனாலும் அதற்கு ஒரே படிவம்தான், பசு மாட்டுக்கும் அதுதான், பச்சாக்குக்கும் அதுதான். எண்ணிக்கை என்ன? நான் 'சுமார் நாலாயிரம்' என்று எழுதினேன். "சார், சுமார்னு எழுதக்கூடாதுன்னு நீங்கதான சொல்லிக்குடுத்தீங்க" என்றான். நாலாயிரத்துப் பதிமூன்று என்று எழுதினேன், திருப்தியாகிவிட்டான். அடுத்து, 'பெட்டியில் பூச்சி எதுவும் இல்லை என்று இதன்மூலம் சான்றளிக்கிறேன்.' நான் அவனைப் பார்க்கிறேன், அவன் என்னைப் பார்க்கிறான். கடைசியில் 'வேறு' என்ற சொல்லை இடையில் சொருகி, அதன் பக்கத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தப் போனால் முத்திரை வைத்திருப்பவர் கார்னிவல் கூத்தெல்லாம் முடிந்துதான் வருவாராம். தாளெல்லாம் அங்கேயே தங்கிவிட்டது. நீ பதினாலு செய்தி அனுப்பியது இந்தச் சமயத்தில்தான்.

இனிமேல் எழுதப்போவதை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

கார்னிவலுக்கு முந்தின வாரம் வரை வாசல் செம்பருத்தியைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். அது தீர்ந்துபோய், உன் அத்தை ரோஜாச் செடிக்கு முன்னால் அரிவாளோடு நின்றுகொண்டதும், பூட்ராமிடம் ஆரஞ்சுத் தழைக்குப் போனேன். அவனுக்கு அன்றைக்குத் திருவிழாதான். "வா பாஸு, வா! முப்பது வருஷமா என் மரத்துக்குக் காவல் இருந்த, இப்ப நீயே மேய வந்துட்ட. பச்சாக்காவது பை கொண்டு வராது!" என்று தெருவே கேட்கச் சிரித்தான். பை என்று சொன்னான் பார், அதுதான் விஷயம். கதவுக்குப் பின்னால் தொங்கிய என் பழைய அலுவலகத் தோல்பையை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். முப்பத்தோரு வருஷம் அந்தப் பையில்தான் மருந்துக் குருணையைச் சுமந்தேன். ஓய்வு பெற்றதும் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்த பைதான். ஆனால் தையல் மடிப்புக்குள் என்ன இருக்கிறது என்று யார் பார்த்தது? ஆரஞ்சுச் சக்கையில் மருந்தைக் கலந்து செய்கிற குருணை அது. அந்த வாசனைக்குப் பச்சாக் மயங்கி வீடு வரைக்கும் எடுத்துக்கொண்டு போகும் என்று ஊர் ஊராகப் பள்ளிக்கூடத்தில் நின்று பாடம் எடுத்தவன் நான்தான்.

அந்தத் தழையைச் சந்தோஷமாகத்தான் தூக்கிக்கொண்டு போயின. ஞாயிற்றுக்கிழமை பூஞ்சையில் ஒரு ஓரம் பழுப்பாக இருந்தது. வெயில் போல என்று துணி போட்டு மூடினேன். திங்கட்கிழமை, ஊரே உடம்பெல்லாம் சேறும் பெயின்ட்டும் பூசிக்கொண்டு தாரை தப்பட்டையோடு ஆடிக்கொண்டிருக்க, நான் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். புளித்த வாடை. குப்பைப் பெட்டி நிரம்பி வழிகிறது. பொடிசுகள் தோட்டத்தைப் பிய்த்துப் பிய்த்து வெளியே கொட்டுகின்றன. குப்பையில் கடுகு மாதிரி நாலைந்து குருணை கிடந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அதன் அளவும் நிறமும் எனக்கு என் விரல் ரேகை மாதிரி தெரியுமே. "கார்மெலீட்டா, நான் கொன்னுட்டேன். எனக்கு அது ஒண்ணுதான தெரியும், அதையே செஞ்சுட்டேன்" என்றேன். அவள் ஒன்றும் கிண்டல் செய்யவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இரண்டு பேருமாக உட்கார்ந்து, எலுமிச்சம்பழம் அளவுக்கு நல்ல பூஞ்சையும், ராணியையும், தெம்பாக இருந்த எறும்புகளையும் கரண்டியால் எடுத்து, உன் அத்தையின் கிறிஸ்துமஸ் கேக் டப்பாவுக்கு மாற்றினோம். அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு அவை ஒரு வாரம் தாக்குப்பிடிக்காது. வேறு கூட்டின் பூஞ்சை கொஞ்சம் கிடைத்தால் எடுத்துக்கொள்ளும். வாரத்துக்கு மூன்று தரம் என்னைத் தவிர யாருமே கேட்காத என் வானொலி நிகழ்ச்சியில் இதை நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் கூட்டுக்கு எங்கே போவது? மொருகா போகலாமென்றால் கார்னிவலுக்குச் சாலையெல்லாம் அடைத்திருக்கிறார்கள், பூட்ராமின் வண்டியோ பழுதுக்குப் போயிருக்கிறது. நம் பள்ளத்தாக்கில் இருந்த கடைசிக் கூட்டையும் என் கையாலேயே அழித்துவிட்டு அதற்குச் சான்றிதழும் வாங்கி மாட்டியிருக்கிறேன். ஒரு மனுஷன் தன் வாழ்நாள் வேலையை நினைத்து அப்படி வருத்தப்பட்டிருக்க மாட்டான்.

சாம்பல் புதன் காலை, பூசை முடிந்து எல்லோரும் நெற்றியில் சாம்பலோடு கோவில் முற்றத்தில் நிற்கும்போது, வெட்கத்தை விட்டு நடுவில் போய் நின்றேன். "யார் நிலத்துலயாவது, எங்கயாவது ஒரு மூலைல, ஒரு பச்சாக் கூடு மிச்சம் இருக்கா? என் அக்கா மகளோட வேல போயிரும்" என்று கேட்டேன். ஒருத்தர் கோவில் கூரையைப் பார்க்கிறார், ஒருத்தர் செருப்பைப் பார்க்கிறார், பாதிரியார் கடிகாரத்தைப் பார்க்கிறார். 'இல்லை' என்று மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை. இதை நான் கவனித்திருக்க வேண்டும். சாம்பல் பூசிய அன்றைக்கு நம் ஊரில் யாரும் வாய் திறந்து பொய் சொல்ல மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்த பத்தாவது நிமிஷம் பின்கதவைத் தட்டினார்கள். மிஸ் இனெஸ், மலை மேல் வீட்டுக் கிழவி, எண்பது வயசு.

"மார்கானோ, எனக்கு ஒரு கூடு இருக்குன்னு நான் சொல்ல வரல."

"சரிங்க மிஸ் இனெஸ்."

"ஆனா சாம்பல் பூசினவ இல்லன்னும் சொல்ல முடியாது பாரு."

"எத்தன வருஷமா?"

"என் புருஷன் இருந்த காலத்துலேர்ந்து. தினம் பழத்தோல் போட்டுருவேன், மரத்துப் பக்கம் வராதுங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல? வருஷா வருஷம் வந்து கேட்டேனே!"

"சொன்னா ஆறு பேரோட வருவ. சேம்பு வயல மிதிப்ப. அதுங்க ஒரு மரத்தத்தான் மொட்டையடிக்கும். நீங்க மூணு நாள் தங்கி என் கோழிக்கூண்டையே மொட்டையடிப்பீங்க."

அவள் போனதும் தபால்காரர், அவர் போனதும் பள்ளிக்கூட டீச்சர், அப்புறம் கோவில் பியானோ வாசிக்கிற பெண். எல்லோரும் பின்கதவு வழியாகத்தான், எல்லோருக்கும் ஒரே முகவுரைதான். சாயங்காலம் பூட்ராமும் வந்தான். "எனக்குச் சாம்பல் கெடையாது பாஸு, நான் இந்து, தாராளமாப் பொய் சொல்லலாம். ஆனா எங்கிட்ட ரெண்டு இருக்கு" என்றான். மொருகா வழியெல்லாம் வாயைத் திறந்து மூடியது வாயுத் தொல்லை இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. மூன்று மணி நேரம் வண்டியோட்டினானே பாவி, அவன் வீட்டுப் பின்பக்கம் இரண்டு கூட்டை வைத்துக்கொண்டு! ஒரு தாளில் பேர் பேராக எழுதினேன். மொத்தம் பதினொன்று.

உன்னிடம் மறைப்பதற்கென்ன, அழுதுவிட்டேன். ராணி பிழைத்துவிடுவாள் என்ற சந்தோஷத்தில் பாதி. மீதிப் பாதி வேறு. முப்பத்தோரு வருஷமாக நான் நடந்துபோன பாதையெல்லாம் ஊரே சேர்ந்து எனக்கு முன்னால் ஓடி ஓடி இலையைப் போட்டு மூடியிருக்கிறது. சிரித்த முகத்தோடு எனக்குக் கோழியடித்துப் போட்டு, 'எல்லாம் உங்க புண்ணியம் மார்கானோ' என்று அனுப்பியிருக்கிறார்கள். அந்தச் சான்றிதழ் விழாவில் எழுந்து நின்று கை தட்டிய ஒவ்வொருத்தர் வீட்டிலும் ஒரு கூடு. நான் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுவதைப் பார்த்துவிட்டு உன் அத்தை, "நீ உக்காரு. மிஸ் இனெஸ் வீட்டுக்கு நான் போறேன்" என்று கேக் கிண்ணத்தையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு போனாள். கால் மணி நேரத்தில் கிண்ணம் நிறையப் பூஞ்சையோடு வந்துவிட்டாள். இந்த வயசில் அந்த மலையை அவள் அவ்வளவு வேகமாக ஏறி இறங்கியது உன்மேல் உள்ள பாசம்தான்.

வைத்த ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்தன, தொடவில்லை. நான் ஜெபமாலையை எடுத்துவிட்டேன். அப்புறம் ஒரு பொடிசு அதன் மேல் ஏறி மோந்து பார்த்தது. வியாழன் காலை காபியோடு போனால் ராணி புதுப் பூஞ்சையின் நடுவில் உட்கார்ந்திருக்கிறாள், சுற்றிலும் முட்டை. இன்றைக்குத் தோட்டம் ஒரு பெரிய ஆரஞ்சுப் பழம் அளவுக்கு வந்துவிட்டது. ஈஸ்டருக்குள் உன் கண்ணாடி வீட்டில் வரிசை போட்டு நடக்கும், நான் பொறுப்பு.

பெட்டி வந்ததும் செய்ய வேண்டியது: திறந்த உடனே வெளிச்சம் காட்டாதே, பயணக் களைப்பில் இருப்பார்கள். முதல் மூன்று நாள் ரோஜா இதழ் மட்டும். காற்று உலர்ந்திருந்தால் மூடியில் நனைத்த துணி போடு. மூக்கால் மோந்து பார், புளித்த வாடை வரக்கூடாது. உன் ஊரில் கடையில் வாங்குகிற இலை எதையும், யாருடைய பையில் வந்தது என்று தெரியாமல், கொடுக்காதே. துடைப்பத்தைச் சுவரில் மாட்டு.

என்னைப் பற்றி ஒன்று. முப்பத்தோரு வருஷத்தில் நான் ஒரு பொய் அறிக்கை எழுதியதில்லை. தெரியாமல் எழுதியதெல்லாம் பொய்யாகிப் போயிற்று, அது வேறு. தெரிந்த பிறகு சும்மா இருக்க என்னால் முடியாது. சான்றிதழைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டேன். பதினொரு கூட்டின் பட்டியலையும் அதையும் சேர்த்து இன்றே அலுவலகத்துக்கு அனுப்பப்போகிறேன். ஊர் என்னைத் திட்டட்டும். இத்தனை பேரில் என் ஒருவன் நிலத்தில்தான் ஒரு எறும்புகூடக் கிடையாது என்ற நிம்மதி எனக்குப் போதும். உன் அத்தையிடம் சொன்னேன், அவள் கோழிக்குத் தீனி போடப் போய்விட்டாள்.

குளிரில் காதை மூடிக்கொள். ஞாயிறு பூசையைத் தவறவிடாதே. உன் மேடத்துக்கு எங்கள் மரியாதையைச் சொல். உன் அம்மாவின் ஆசியும் எங்கள் இரண்டு பேரின் ஆசியும் உன் தலைமேல் இருக்கட்டும். கூடம் திறக்கிற அன்று மறக்காமல் ஒரு போட்டோ அனுப்பு, ராணி தெரிய வேண்டாம், நீ தெரிந்தால் போதும்.

என்றும் உன் நலம் வேண்டும் மாமா,
ஆன்செல்ம் மார்கானோ
(பச்சாக் ஒழிப்பு மேஸ்திரி, ஓய்வு)

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துக்கொண்டிருக்கும்போதே ஷெல்டன் முத்திரை குத்திய தாள்களோடு வந்துவிட்டான். கடைசியாக ஒரு தாள் பாக்கியாம். பெட்டி தங்கியிருந்த பகுதியில் காட்டுக் கூடு ஒன்று இருந்தாலும் பெட்டி தொண்ணூறு நாள், அதாவது ஈஸ்டரும் தாண்டி, நகரக்கூடாது, அந்தப் பகுதி முழுக்க மருந்து வைத்த பிறகுதான் விடுவார்களாம். "நம்ம பள்ளத்தாக்குல அந்தப் பிரச்சினையே இல்லையே சார், சும்மா ஒரு கையெழுத்து" என்று சிரிக்கிறான். நான் பட்டியலை எடுக்க உள்ளே போனேன். அது என் கையில் இருக்கும்போது உன் அத்தை கதவை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"பதினொண்ணு இல்ல ஆன்செல்ம். பன்னெண்டு. நம்ம கோழிக்கூண்டுக்குப் பின்னாடி. பத்தொம்பது வருஷமா. அன்னிக்கு நான் மலைக்கெல்லாம் போகல, என் முட்டி மட்டும் இரும்பா?"

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நாள் முழுக்க ஊர்ல அதத்தான் தேடிட்டு, அதப் பத்தியே பேசிட்டு வருவ. வீட்டுக்குள்ள வந்தாதான் செருப்பக் கழட்டி உக்காருவ. இங்கயும் ஒண்ணு இருக்குன்னு சொன்னா நீ எங்க போய் உக்காருவ?"

பின்பக்கம் போய்ப் பார்த்தேன் மகளே. அவள் போட்ட பழத்தோலைத் தூக்கிக்கொண்டு, கோழிகளுக்கு நடுவில், வரிசையாக, ஒருத்தருக்கும் தொந்தரவில்லாமல் போகின்றன. நம் ராணி இன்றைக்கு உட்கார்ந்திருப்பது அந்தத் தோட்டத்தின் மேல்தான். ஆகவே மேலே பதினொன்று என்றும், பட்டியல் என்றும், நான் பொய்யே எழுதியதில்லை என்றும் வருகிற இடத்தையெல்லாம் படித்ததும் கிழித்துவிடு. கூடத்துக்குத் திரும்பி வந்தேன். ஷெல்டன் பேனாவை நீட்டி, "ஒண்ணும் இல்லதான சார்?" என்றான். என் நெற்றியில் சாம்பல் அழிந்து ஆறு நாளாகிறது. "ஒண்ணுகூட இல்ல தம்பி" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். பெட்டி வியாழக்கிழமை கிளம்புகிறது.